முத்திருளன் பையில் பதினோரு தீப்பெட்டிகள்

திருமங்கலம் பக்கமிருந்து மலைக்கோயிலுக்கு வருகிறவர்களுக்கு 1930களில் வழிகாட்டியவர் முத்திருளன். அடிவாரத்திலேயே எல்லோருடைய தீப்பெட்டியையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் மலையேற விடுவார்.

"சுனையில துணி அலசாதீக. சாப்பிட்ட எலையக் கீழ கொண்டாந்துருங்க. புல்லு காஞ்சு கெடக்கு, ஒரு பொறி போதும்" என்பார்.

1938 பங்குனியில் வந்த கூட்டத்தில் அவருடைய தங்கை கணவர் பேயாண்டியும் இருந்தார். தங்கையைக் கட்டியவரிடம் மடியை அவிழ்க்கச் சொல்வது மரியாதையா? அவரை மட்டும் கேட்காமல் விட்டார்.

மதியம் புல்மேடு பற்றிக்கொண்டது. பச்சைக் குழைகளால் அடித்து அணைப்பதற்குள் பாதி மேடு கருகிவிட்டது. பேயாண்டியின் மேல் சுருட்டு வாடை அடித்தது.

"ஏன் மாப்ள இப்படிப் பண்ணுன?"

பேயாண்டி மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். வனக்காவலர் வந்து விசாரித்தபோதுதான் வாய் திறந்தார்.

"எங்ககிட்ட ஏதுங்க தீப்பெட்டி? அம்புட்டும் மச்சான் பையிலதான் இருக்கு. பாத்துக்கங்க."

பையில் பதினோரு பெட்டிகள் இருந்தன. தங்கையின் வாழ்வை நினைத்து முத்திருளன் பேசாமல் நின்றார். இனி அவர் மலையில் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது.

அதன்பின் ஏழு வருடம் உயிரோடு இருந்தார். மலையேறவில்லை. தங்கை வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை.