பிளக்கோடு முடிகிற சட்டம்

கான்ட்ராக்டர்கள் அவருக்கு வைத்த பெயர் ஏழரை. கட்டடம் முடிந்து, பெயின்ட் காய்ந்து, குடிபோகிற நேரத்தில் டார்ச் லைட்டோடு வந்து நிற்பார். வந்தால் லேசில் விடமாட்டார். மின் ஆய்வாளர் உத்தியோகம். அவரிடம் கையெழுத்து வாங்குவது கல்லில் நார் உரிக்கிற கதைதான். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிக்கும் முன் சுவிட்ச் போர்டைத்தான் பார்ப்பார். "விருந்தாட வந்தோமா, வேவு பாக்க வந்தோமா?" என்று மனைவி விலாவில் இடிப்பாள். மனிதருக்கு உறைக்கவே உறைக்காது.

அன்று அவர் போனது ஒரு தையல்காரியின் வீட்டுக்கு. பின்பக்கம் கணவனுக்காகப் புது அறை எழுப்பியிருந்தாள். அவன் லேத் பட்டறையில் இருந்தவன். ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போய்விட்டது. அவனைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கித் தூக்கி அவள் முதுகு போய்விட்டது. இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனைப் பராமரிப்பு இல்லத்தில் விட்டுவிடலாமா என்ற பேச்சு எழுந்தபோதுதான், அவன் படுத்த படுக்கையிலேயே ஒரு தூக்கி செய்தான். செய்தான் என்றால், அவன் வாய் சொல்லச் சொல்ல, எலக்ட்ரீஷியனான அவள் தம்பியின் கை செய்தது. நாலு கால் இரும்புச் சட்டம், மேலே மோட்டார், பல்சக்கரம், கித்தான் இருக்கை. பொத்தானை அமுக்கினால் ஆளை அலுங்காமல் தூக்கும்.

ஏழரை சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எர்த் சரி, வயர் சரி. வேலை சுத்தம்.

"முத்திரை எங்கம்மா?"

"இதுக்கு ஏது சார் முத்திரை? நாங்களே செஞ்சது."

அங்கேதான் சிக்கல். சுவரிலிருந்து நேராக வயர் இழுத்து மாட்டிய கருவிக்கு, சோதனைக்கூடத்தின் முத்திரை கட்டாயம். சோதனைக்கூடமோ ஒன்றை வாங்கி, உடையும்வரை பாரம் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதற்கு முத்திரை குத்தும். இங்கே இருப்பதே ஒன்று.

"அப்ப இவரக் கொண்டுபோய் விட்டுட வேண்டியதுதானா?" என்றாள்.

கூட நின்ற அவள் தம்பி விவரமானவன். வயரை வெட்டி, நுனியில் ஒரு பிளக்கை மாட்டி, பக்கத்துச் சாக்கெட்டில் சொருகினான். "இப்ப சொல்லுங்க சார்."

என்னத்தைச் சொல்வது? பிளக் வந்துவிட்டால் அது கட்டடத்தில் சேர்த்தி இல்லை. மேசை நாற்காலி மாதிரி வீட்டுச் சாமான். ஆய்வாளரின் கண்ணுக்கு அதில் ஜோலி கிடையாது. எழுதியது எந்த மகராசனோ, விதி அப்படி. ஏழரை கையெழுத்துப் போட்டார். வாசல்வரை போனார். திரும்பி வந்தார், ஷூவைக் கழற்றினார்.

"நான் ஒரு தடவ ஏறிப் பாக்கறேன்."

"அதான் பாஸ் பண்ணிட்டீங்களே சார், அப்புறம் என்ன?" என்றான் கட்டிலில் படுத்திருந்த கணவன்.

"அதான்பா உறுத்துது."

தூக்கி அவரைத் தூக்கியது. அந்தரத்தில் நின்றதும், "பிளக்கப் புடுங்கும்மா" என்றார். அவள் பிடுங்கினாள். மனிதர் தொப்பென்று தரையில் விழுந்தார்.

சக்கரத்தை நிறுத்திப் பிடிக்க மின்காந்தம் வைத்திருந்தான் கணவன். பட்டறையில் இரும்பைப் பிடிக்க அவன் பழகிய முறை அதுதான். கரண்ட் உள்ளவரை உடும்புப்பிடி. கரண்ட் போனால் பிடியே இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. "இத்தன நாள்ல ஒரு தடவ கரண்ட் போயிருந்தா..." என்று ஆரம்பித்தவள் கணவனைப் பார்த்தாள். கணவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஏழரைக்கு இடுப்பைவிட மனசுதான் வலித்தது. பிளக் என்ற ஒரே காரணத்துக்காகக் கண்டும் காணாமல் தாண்டிப்போன சாமான்கள் எத்தனையோ! தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "சட்டப்படி இதுல வாய் திறக்க எனக்கு உரிமை இல்லம்மா. நீங்க கேக்கணும்னும் இல்ல. ஆனா கரண்ட் இல்லாம இது நிக்கிற வரைக்கும் அவர இதுல ஏத்தாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

சுவரைப் பார்த்தபடியே கணவன் பேசினான். "சக்கரத்துப் பல்லுல விழுற மாதிரி ஒரு இரும்பு நாக்கு வெச்சா, கரண்ட் போனாலும் நிக்கும். என் பட்டறைல சொன்னா கடைஞ்சு குடுப்பாங்க."

அடுத்த விடுமுறை நாளில் ஏழரை கூப்பிடாமலே வந்தார். நாக்கு பொருத்தியாகிவிட்டது. அவர் மறுபடி ஷூவில் கை வைக்க, தையல்காரி தடுத்தாள்.

"நீங்க ஒரு தடவ விழுந்தது போதும் சார். இன்னிக்கு நான்."

"நீ வேணாம், உன் முதுகு..." என்றான் கணவன். அவள் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தரையில் தலையணைகளைப் பரப்பினார்கள். அவன் வேண்டா வெறுப்பாகப் பொத்தானை அமுக்கினான். அவள் கால் தரையை விட்டு எழும்பியது. ஏழரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினார்.

டக். நின்றது.

"நின்னுடுச்சும்மா! இறக்கிடலாமா?"

அவள் கண் மூடியிருந்தது. தோள் இரண்டும் தளர்ந்து தொங்கின.

"முதுகு வலிக்கவே இல்ல சார்" என்றாள். "கொஞ்ச நேரம் இப்படியே இருந்துக்கறேன்."

கணவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இரும்மா" என்றான். "எவ்வளவு நேரம் வேணும்னாலும் இரு."