ஒரு தடவைக்கு ஒன்று

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே இரண்டு விரலை விட்டு, கோழிக்குஞ்சைத் தூக்குவதுபோல ஒரு பந்தை மெல்ல வெளியே எடுத்தார் ரிப்பேருக்கு வந்தவர். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று எல்லா நிறத்திலும் நூல் பிசிறு. அதே அறையின் மூலையில் ஓடும் என் தையல் மெஷினிலிருந்து பறந்துபோய் உள்ளே இருக்கிற விசிறியில் சுற்றிக்கொண்டவை. மகளின் பிழைப்பே அந்தப் பெட்டியில்தான். அவள் வெந்நீர் கொண்டுவர உள்ளே போயிருந்தாள். அவள் காலடி கேட்டதும், அவர் அந்தப் பந்தைக் கைக்குள் பொத்திக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உள்ள என்ன இருந்துச்சு?" என்றாள் மகள்.

"தூசிம்மா. எல்லார் வீட்லயும் இருக்கறதுதான்."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

எங்கள் தெருவில் அவருக்குப் பென்சில்காரர் என்று பெயர். காதுமேல் ஒரு பென்சில், சட்டைப்பையில் சின்னப் பிள்ளைகள் கணக்குப் போடும் கட்டம் போட்ட நோட்டு. எதைக் கழற்றினார், எதை மாட்டினார், எத்தனை மணிக்கு, அப்புறம் என்ன ஆயிற்று என்று எல்லாம் அதில் ஏறும். பென்சிலில் எழுதுகிறாரே தவிர ரப்பர் வைத்துக்கொள்வதில்லை. தப்பாக எழுதினால் ஒரு கோடு இழுப்பார், அவ்வளவுதான். "அழிச்சிட்டா, இதே தப்பை நாளைக்கும் பண்ணுவேன்க்கா" என்பார்.

நாற்பது வயது இருக்கும். பெட்டி திறந்திருக்கும்போது தேநீர் தொடமாட்டார். வெந்நீர் மட்டும், அதையும் கை எட்டாத தூரத்தில் தரையில் வைத்துக்கொள்வார். மோதிரம், கைக்கடிகாரம் இரண்டையும் கழற்றிவிடுவார். உள்ளே விசிறி சுற்றத் தொடங்கினால் கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லு ராசா, எங்க வலிக்குது?" என்று பெட்டியைத்தான் கேட்பார், எங்களை அல்ல.

இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை தொடங்குமுன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து ஒரு நொடி நிற்பார். தொழிலுக்கு முன்னால் இப்படிக் கடவுளை நினைக்கிறாரே என்று எனக்கு மனம் நிறைந்து போயிற்று. இரண்டாம் நாள் அதைச் சொல்லியும் விட்டேன்.

"ஐயோ அக்கா! உடம்புல சின்னதா ஒரு கரண்ட் இருக்கும். அதோட தொட்டா உள்ள இருக்கறது செத்துப்போகும். அதை இறக்கி விடறேன்."

"தலையை எதுக்குக் குனியறீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "தெரியலையே" என்றார்.

எனக்கு அது போதும்.

இனி எங்கள் கஷ்டத்தைச் சொல்கிறேன். மகள் செய்வது, இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி படமாகக் காட்டும் வேலை. வாசலில் நுழைந்து, கூடம் தாண்டி, மாடிக்கு ஏறி, ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்க்கலாம். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுத் தனியாகத் தொடங்கியவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை இது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் கொடுக்காவிட்டால் வேறு ஆளிடம் போய்விடும் என்று கட்டடக் கம்பெனிக்காரர் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரோ, படம் ஓடத் தொடங்கிச் சரியாக நாற்பதாவது நிமிடத்தில் திரையெல்லாம் பச்சைக் கோடும் கலர்க் கட்டமுமாகச் சிதறி, இருட்டிப்போகும். இரண்டு வாரமாக இதே கூத்து. படம் கனமாகிவிட்டது போலிருக்கிறது என்று அவள் தோட்டத்திலிருந்து ஒவ்வொரு மரமாக எடுத்துக்கொண்டே வந்தாள். பதினான்கு மரம் போயிற்று. கோடு மட்டும் போகவில்லை.

அந்தப் பெட்டியைச் சேர்த்துக் கட்டியவர் என் மருமகன். கெட்டிக்காரர். அவர் வேலை பார்த்த கம்பெனி மூடி நான்கு மாதம் ஆகிறது. காய் நறுக்குவார், துணி உலர்த்துவார், வாய் திறந்து ஒன்றும் கேட்கமாட்டார். மனைவி வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, பாகங்களைச் செய்த கம்பெனி வைத்த வேகத்துக்கும் மேலே அந்தக் கம்ப்யூட்டரை ஏற்றி ஓட விட்டிருந்தார். தையல் மெஷினுக்குப் பெரிய மோட்டார் மாட்டுகிற மாதிரிதான். ஓடும். எங்கே நூல் அறும் என்றுதான் தெரியாது.

முதல் நாளே பென்சில்காரர் கேட்டார்: "வேகத்தை ஏத்தி வச்சிருக்கீங்களா?"

"ஏத்தியிருந்தோம். கோளாறு வந்ததுமே எல்லாத்தையும் இறக்கியாச்சு. இல்லீங்க?" என்று மகள் கணவரைப் பார்த்தாள்.

"ம்" என்றார் மருமகன்.

இறக்கியாச்சு என்று நோட்டில் ஏறியது.

பிசிறை எடுத்த பிறகும் நாற்பதாவது நிமிடத்தில் திரை சிதறியது. மறுநாள், திரையில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டினார். சிதறியது. அதைப் பழையபடி மாட்டிவிட்டு, கரண்ட் கொடுக்கிற பெட்டியை மாற்றினார். அப்போதும் சிதறியது. ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மகளுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, எல்லாத்தையும் ஒரேயடியா மாத்திடுங்களேன்!"

"மாத்தலாம்மா. சரியாகவும் ஆயிடும். எதனால சரியாச்சுன்னு தெரியாது. தெரியாம சரியானது தெரியாமலே கெடும். ஒரு தடவைக்கு ஒண்ணு."

"நீங்க ஒண்ணொண்ணா பாக்கறதுக்குள்ள அந்த வீட்டைக் கட்டியே முடிச்சிருவாங்க!"

அவர் சிரித்துவிட்டு மணியை எழுதினார். நான் தைத்துக்கொண்டே மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். எதை வேண்டுவது என்றுகூடத் தெரியவில்லை. அதன் பாகங்களுக்கு எனக்குப் பெயர் தெரியாதே. ஆண்டவனுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை, ரேம் என்று சொல்கிற இரண்டு பட்டைகளில் ஒன்றை மட்டும் விட்டு ஓட்டினார். நாற்பது தாண்டியது, ஐம்பது தாண்டியது, சிதறவில்லை. அதைக் கழற்றி மற்றதை மாட்டினார். அதுவும் ஓடியது. இரண்டையும் சேர்த்து மாட்டினால் பழைய கதை.

"தனித்தனியா தங்கமான மனுஷங்க, ஒரே வீட்ல விட்டா சண்டை" என்றார். "உங்க ரெண்டு பேர் மாதிரி இல்லக்கா" என்று என்னையும் மகளையும் பார்த்துச் சொல்லிவிட்டு, தாடையைத் தடவினார்.

"ரெண்டும் வேணும்ணா. ஒண்ணுல இந்தப் படம் நாளைக்குள்ள முடியாது" என்றாள் மகள். அதற்குள் கம்பெனிக்காரர் போனில் கூப்பிட, பதில் சொல்ல வெளியே போனாள்.

பென்சில்காரர் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, ஏதோ ஒரு பட்டனை விடாமல் தட்டினார். நீலத் திரையில் வரிசையாக எழுத்தும் எண்ணும் வந்தன. மேலிருந்து விரல் வைத்துக்கொண்டே இறங்கினார். ஒரு வரியில் விரல் நின்றது.

மருமகன் அவர் பின்னால் நின்றிருந்தார். விசிறிக் காற்றிலும் மருமகனின் கழுத்தில் வேர்வை இறங்கியதை நான் பார்த்தேன். நான் படித்தது கொஞ்சம்தான். ஆனால் ஒரு முகத்தைப் படிக்க அவ்வளவு போதும். என் கால் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டது.

பென்சில்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து, நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

"உக்காருங்க தம்பி. நீங்க கட்டின பொட்டி, உங்க கைக்குத்தான் பழக்கம். இந்த வரியை இறக்குங்க."

மருமகன் உட்கார்ந்தார். இறக்கினார். பென்சில்காரர் நோட்டில் எழுதினார். நூல் எடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். 'ரேம் வேகம் இறக்கியது. முதல் நாளே நான் பார்த்திருக்க வேண்டும்.'

மகள் திரும்பி வந்து, "என்ன பண்ணீங்க?" என்றாள்.

"ஒரு எடத்தை நான் பாக்காம விட்டுட்டேன்மா. ஓட்டு பாப்போம்."

இரண்டு பட்டையும் உள்ளே இருக்க, படம் ஓடியது. நாற்பதாவது நிமிடம் வந்தபோது நான்கு பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம். நாற்பத்தொன்று. ஐம்பது. ஒரு மணி நேரம். திரை தெளிவாக இருந்தது. மகள் சிரித்தாள். அடுத்த நிமிடமே அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

"அப்போ என் படத்துல தப்பே இல்லையா? எனக்குத்தான் வேலை தெரியலையோன்னு ரெண்டு வாரமா... பதினாலு மரத்தை வெட்டினேனே!"

பென்சில்காரர் குனிந்து, கழற்றிய திருகுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டத் தொடங்கினார்.

"நான்தான்" என்றார் மருமகன். "எல்லாத்தையும் இறக்கிட்டேன். ரேமை மட்டும் விட்டு வச்சேன். அதுவும் போனா உனக்கு ரொம்ப நேரமாகுமேன்னு. அதனால இருக்காதுன்னு நெனச்சேன். அப்புறம், சொல்ல வாய் வரல." நாற்காலியை விட்டு எழப் பார்த்தபடி, "இந்த வீட்டுக்கு நான் குடுக்கறது அந்த வேகம் ஒண்ணுதானே" என்றார்.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"எழுந்திருக்காதீங்க" என்றாள். "அப்படியே உக்காருங்க. வெட்டின மரத்தை எல்லாம் நீங்கதான் திரும்ப நடணும். ஒண்ணு விடாம."

"எது எங்க இருந்துச்சுன்னு..."

"நான் சொல்லச் சொல்ல நட்டுக்கிட்டே வாங்க."

வியாழக்கிழமை ஒன்பதரை மணிக்குப் படம் போய்ச் சேர்ந்தது, பதினான்கு மரத்தோடும். அடுத்த கட்டடத்தையும் நீங்களே செய்யுங்கள் என்று சாயங்காலம் போன் வந்தது.

சரி செய்த பெட்டியைப் பத்து நாள் கழித்து, கூப்பிடாமலே வந்து பார்ப்பது பென்சில்காரரின் வழக்கம். போன வாரம் வந்தார். ஒரு மணி நேரம் ஓட விட்டார், விசிறியைக் கேட்டார், நோட்டில் ஒரு வரி எழுதினார், கிளம்பினார். வாசல்வரை போன மருமகன், உள்ளே கேட்டுவிடாமல் அவர் காதோரம் குனிந்ததைப் பார்த்தேன்.

"அண்ணே, இப்போதான் நல்லா ஓடுதே. ரொம்ப வேணாம், துளியூண்டு ஏத்திப் பாக்கலாமா?"

பென்சில்காரர் குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டே, எனக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"ஏத்துங்க தம்பி, யார் வேணாம்னா? வீட்ல சொல்லிட்டு ஏத்துங்க."