தேசம்மா தட்டிவிட்ட உப்புத் தண்ணீர்

என் மனைவி தேசம்மாவின் வாய்க்குப் பயப்படாதவர் பட்டினப்பாக்கத்தில் இல்லை. அவளோடு குடும்பம் நடத்துகிற எனக்கு யாராவது மாலை போட வேண்டும். அவள் மீன் விற்கிறாள், நான் ஆட்டோ ஓட்டுகிறேன்.

கொரோனா ஊரடங்கில் எங்கள் தெருவுக்குப் பினாயில் வண்டி அடிக்கடி வரும். காலி பாட்டிலை நீட்டினால் கேனிலிருந்து ஊற்றித் தருவார்கள். கிருமி பயத்தில் வீட்டுக்கு வீடு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பினாயில். பால்வாடியும் மூடிவிட்டதால் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குள். அடுத்த வீட்டு அன்புக்கரசி துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள், அவள் மகள் நிலா பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டாள். பேச்சுகூடத் திருந்தாத குழந்தை.

தெருவே கூடிவிட்டது. ஒருவர் சொம்பில் உப்புத் தண்ணீர் கலக்கினார். வாந்தி எடுத்தால் விஷம் போய்விடும் என்பது எங்கள் ஆட்களின் வைத்தியம். தேசம்மா பாய்ந்து வந்து சொம்பைத் தட்டிவிட்டாள்.

"எவனாவது வாயில ஊத்துனீங்க, கைய ஒடிச்சிடுவேன். என் புள்ளைக்கும் இதத்தானே ஊத்துனீங்க?"

எங்கள் மகன் விக்கி சின்ன வயதில் மண்ணெண்ணெய் குடித்தபோது உப்புத் தண்ணீர் கொடுத்துத்தான் வாந்தி எடுக்க வைத்தார்கள். வாந்தியோடு மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டது என்றார் டாக்டர். பிள்ளை பிழைக்கவில்லை. அதன்பின் தேசம்மா அவன் பேரையே எடுத்ததில்லை.

நிலாவைத் தூக்கிக்கொண்டு, பினாயில் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு என் ஆட்டோவில் ஏறினாள். சாந்தோமில் போலீஸ்காரர் மறித்தார். அவள் பாட்டிலை உயர்த்திக் காட்டினாள். "கொயந்த இத்த குட்சிட்ச்சு சார். வழி வுடு."

வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலோடு கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். நிலா பிழைத்து வீடு திரும்பியபோது அன்புக்கரசி தேசம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இப்போது தேசம்மா ஆழ்வார்பேட்டை வரை மீன் கூடையோடு போகிறாள். சின்னப் பிள்ளை இருக்கிற வீடென்றால் முதல் கேள்வி, "பினாயில இன்னா பாட்டில்ல வெச்சிக்கீற?" கூல்டிரிங்க்ஸ் பாட்டில் என்றால் அதை மாற்றும் வரை வஞ்சிரம் கிடையாது. சிலர் வேறு ஆளிடம் வாங்கப் போய்விட்டார்கள். போகட்டும்.

போன வாரம் ஒரு வீட்டு அம்மா கேட்டார், "உனக்கு எத்தனை பசங்க?" இத்தனை வருடமாக, எங்கள் மகளை மட்டும் கணக்கில் வைத்து ஒன்று என்றுதான் சொல்வாள். நான் ஆட்டோவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டும்மா," என்றாள். "பெரியவன் பேரு விக்கி. அவன் எப்டி போனான்னு சொல்றேன், குந்து."