கொளஞ்சியப்பருக்கு நான் எழுதாத பிராது

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் ஃபியூஸ் கட்டைகளுக்குப் பூச்சு தடவிக்கொண்டிருந்தேன். காரணமே இல்லாமல் அழுகை வரும். சோறு இறங்காது, தூக்கம் கிடையாது. தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதென்று கடலூருக்கு பஸ் ஏறிப் போய் மனநல டாக்டரைப் பார்த்தேன். மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார். இல்லையென்று தலையாட்டினேன். மனைவியிடம் வயிற்றுக்கு கேஸ் மாத்திரை என்று சொல்லிவிட்டேன்.

மாத்திரை வேலை செய்தது, பொய் சொல்லக் கூடாது. சில வாரங்களில் தூக்கம் வந்தது, அழுகை நின்றது. கூடவே ஆசையும் நின்றுபோனது. ராத்திரி அவள் கை மேலே பட்டால் தூங்குவதுபோலக் கிடப்பேன். வைத்தியரிடமும் வக்கீலிடமும் மறைக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிற வாய்தான் இது.

தீராத குறை இருந்தால் எங்கள் பக்கம் சாமிக்கே மனுவாக எழுதி, கொளஞ்சியப்பர் கோயிலில் கட்டிவிடுவார்கள்; அதுதான் பிராது. தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் எழுதிக் கொடுப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியே வெள்ளைத் தாளோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஊருக்கெல்லாம் எழுதுறீங்களே, எனக்கும் ஒண்ணு எழுதுங்க."

"யாரு மேல?"

"உங்க பட்டறையில பொம்மைக்கு பெயிண்ட் அடிக்கிறாளே, அவ மேலதான். என் வூட்டுக்காரர பிரிச்சிட்டான்னு எழுதுங்க. சாமியே கேக்கட்டும்."

புருஷனை இழந்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள் அந்தப் பெண். 'அண்ணே' என்பதற்கு மேல் என்னிடம் அதிகம் பேசியதுகூட இல்லை. பேனா ஓடவில்லை.

"பேனா நின்னுபோச்சே. அப்ப நெசந்தான்!"

"அவ இல்லடி. அந்த மாத்திரை..." எல்லாவற்றையும் சொன்னேன்.

"கேஸுன்னீங்களே! நான் கெழவியாயிட்டேன் போலன்னு கண்ணாடி முன்னால நின்னு அழுதிருக்கேன். டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"வெக்கமா இருந்திச்சி."

"பொண்டாட்டி அழுதா வெக்கமில்லியா?"

இனிமேல் தொடமாட்டேன் என்று மாத்திரையைத் தூக்கி எறியப் போனேன். பிடுங்கிக்கொண்டாள். "மறுபடியும் அழுதுகிட்டு உக்காரவா? கேட்டுட்டு செய்வோம்."

இருவருமாகப் போனோம். டாக்டர் சிரிக்கவில்லை. "ஆம்பளைங்க பல பேருக்கு வர்றதுதான், வாய தொறந்து சொல்றதில்ல. நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க" என்று மருந்தை மாற்றினார். மெல்ல மெல்லச் சரியானது. இப்போது எந்த ஆண் கேட்டாலும் சொல்கிறேன்: மாத்திரைக்குப் பயப்படாதே; ஆனால் முதல் மாத்திரைக்கு முன்னாலேயே ஆசை குறையுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடு, வீட்டிலும் சொல்லிவிடு.

அடுத்த ஞாயிறு என் மனைவி அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் கூப்பிட்டு மீன் குழம்பு ஊற்றினாள்.

"என்னாக்கா விசேஷம்?"

"ஒண்ணுமில்ல, சாப்புடு" என்றவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அண்ணன் ஒண்ணுமே சாப்புடல பாருங்க" என்றாள் அந்தப் பெண். "அவருக்கு இன்னொரு துண்டு போடுங்கக்கா."