யார் காதிலும் விழாத ‘பொறு’

பார்வையற்றோருக்கான அந்த நூலகத்தின் பின்கட்டில் ஒரு சின்ன அச்சகம் இருந்தது. அங்கே எல்லோரும் அவளைப் புள்ளியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய வேலை மெய்ப்புப் பார்ப்பது. அப்படிச் சொன்னால் அவளே சிரித்துவிடுவாள். “நான் எங்க பார்க்கறேன், தடவறேன்” என்பாள்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு விடுதிப் பள்ளியில் பிரெயில் படித்தாள். படித்தாள் என்பதைவிட விழுங்கினாள் என்று சொல்லலாம். மற்றவர்கள் ஒரு பக்கத்தைத் தடவி முடிப்பதற்குள் இவள் கதையின் கடைசிக்குப் போய், யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பதை ஊருக்கே சொல்லியிருப்பாள். விடுதிக்குத் தினமும் ரொட்டி கொண்டுவந்த பேக்கரிப் பையனிடம் ஒருநாள், “கருகினதைக் கத்தியால சுரண்டிட்டுக் கொடுத்திருக்கீங்க, இல்ல?” என்று கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்தான். ரொட்டியின் அடிப்பக்கத்தில் கத்தி போன தடத்தை அவள் விரல் கண்டுபிடித்திருந்தது. பிற்பாடு அவளுக்கே கணவனாகி வாய்த்த அந்த மனிதர், “பொய் சொல்லி ஏமாத்த முடியாத பொண்டாட்டி வேணும்னு யாராவது கேட்டாங்களா? நானா போய் மாட்டிக்கிட்டேன்” என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அச்சக அறை பெரிதில்லை. ஒரு மூலையில், மரப்பெட்டிக்குள் அடைத்த பிரெயில் மெஷின். சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று பெட்டியின் உட்புறம் பஞ்சு மெத்தை ஒட்டியிருந்தது. அப்படியும் மெஷின் ஓடும்போது மேஜைமேல் வைத்த டம்ளர் மெல்ல நகரும். பக்கத்தில் டைப்பிஸ்டின் கம்ப்யூட்டர். அதிலிருந்து வரும் எழுத்துகளை மெஷின் தடித்த தாளில் புள்ளிகளாகக் குத்தும். ஜன்னலோரம் புள்ளியம்மாவின் மேஜை. வெளிச்சம் அவளுக்குத் தேவையில்லை, காற்று தேவை. வியர்த்த விரலுக்குப் புள்ளி சரியாகப் படாது.

பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் கண்ணை மூடிவிட்டது. சூப்பர்வைசர் அங்கே இங்கே பேசிப் புதியது ஒன்றை வாங்கிவந்தார். மெஷினோடு இணைக்கிற பழைய ஒயர் அதில் பொருந்தவில்லை. ஆகவே ஒயரும் புதிது. டைப்பிஸ்ட் மெலிசான அந்த ஒயரைத் தூக்கிப் பார்த்து, “பழசு மலைப்பாம்பு மாதிரி இருந்துச்சு, இது புழு மாதிரி இருக்கு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மலைப்பாம்பு குப்பைக்குப் போனது.

அதற்கடுத்த வாரங்களில்தான் அந்த நாவல் வந்தது. ஒரு கப்பல் சமையல்காரனின் கதை. புள்ளியம்மா வழக்கம்போல இடது கையால் வரியின் தொடக்கத்தைப் பிடித்து, வலது விரலை ஓட்டிக்கொண்டே போனாள். சட்டென்று நின்றாள்.

“ஏய், இங்க வா. வெங்காயம் உரிச்சிட்டிருந்தவன் அடுத்த வரியில கேப்டன் சட்டையைப் பிடிச்சிட்டு நிக்கறான். நடுவுல என்னடி நடந்துச்சு?”

டைப்பிஸ்ட் திரையைப் பார்த்தாள். “எல்லாம் இருக்குக்கா. நடுவுல பெரிய சண்டையே இருக்கு.”

“தாள்ல இல்லையே.”

“இருங்க, அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப அடிச்சுத் தரேன்.”

அடித்தாள். புள்ளியம்மா தடவினாள். சண்டை முழுசாக இருந்தது.

“சரி, நான்தான் தாண்டிட்டேன் போல” என்றாள். பிழையான தாளைப் பழைய காகித மூட்டையில் போட்டுவிட்டு, புதியதை அடுக்கில் செருகினார்கள். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள்.

மறுபடியும் நடந்தது. அடுத்த அத்தியாயத்திலும் நடந்தது. ஒவ்வொரு தடவையும் டைப்பிஸ்ட் அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக அடிப்பாள், அதில் எல்லா வரியும் ஒழுங்காக இருக்கும். சூப்பர்வைசர் நல்ல மனிதர். குத்தலாக எதுவும் சொல்லவில்லை. “ரொம்ப நேரம் தொடர்ந்து படிக்காதீங்கம்மா, நடுநடுவுல ஓய்வு எடுத்துக்கங்க” என்று மட்டும் சொன்னார். அவர் அன்பாகச் சொன்னதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஏனென்றால் அவளுக்குச் சர்க்கரை இருந்தது. கட்டுப்பாட்டில்தான் இருந்தது. ஆனாலும், நாளாக ஆகக் கால்விரல், கைவிரல் மரத்துப்போகலாம், கவனமாக இருங்கள் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு அது ஒரு எச்சரிக்கை. அவளுக்கோ இரண்டாவது முறை பார்வை போவது மாதிரி.

யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டில் உப்பையும் சர்க்கரையையும் விரல்நுனியில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். பிரித்தறிய முடிந்தது. கணவனின் சட்டைப் பொத்தானில் எத்தனை துளை என்று தொட்டுப் பார்த்தாள். சொல்ல முடிந்தது. அப்படியானால் வரிகள் எங்கே போகின்றன? ஒருவேளை விரல் சரியாக இருந்து புத்திதான் தாண்டுகிறதோ என்று யோசித்தாள். அந்த யோசனை இன்னும் மோசமாக இருந்தது.

பேக்கரிக்காரர் விடியலில் வேலைக்குப் போய் மதியமே திரும்பிவிடுவார். அவள் மாலையில் வீட்டுக்கு வரும்போது டீ போட்டு வைத்திருப்பார். அன்று டம்ளரைக் கையில் கொடுத்தவர், அவள் விரல்நுனியால் அதன் விளிம்பைத் திரும்பத் திரும்பச் சுற்றுவதைக் கவனித்தார்.

“என்னத்தைத் தேடற?”

“ஒண்ணுமில்ல.”

“ஒரு வாரமா என் சட்டைப் பொத்தானை எண்ணிட்டிருக்க. ஒண்ணுமில்லயா?”

அவள் சொன்னாள். சொல்லி முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது. அவர் டீயைத் திரும்பச் சூடு பண்ணிக்கொண்டே, “நீ தாண்டிட்டேன்னு சொல்ற அந்தத் தாளை யாராவது கண்ணால பார்த்தாங்களா?” என்று கேட்டார்.

யாரும் பார்க்கவில்லை. நல்ல தாள் வந்ததும் கெட்ட தாள் மூட்டைக்குப் போய்விடும். அவளே அதை இரண்டாம் தடவை தொட்டதில்லை.

அடுத்த முறை கதை எகிறியபோது அவள் அந்தத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டைப்பிஸ்டிடம் அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி அடிக்கச் சொன்னாள். இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின்மேல் இடது கை, மற்றொன்றின்மேல் வலது கை வைத்து இறங்கினாள். வலது கையில் இருந்த வரிகள் இடது கையில் இல்லை. ஆனால் இதையும் சொல்வது அதே விரல்கள்தானே? டைப்பிஸ்டுக்குப் புள்ளிகளைக் கண்ணால் படிக்கத் தெரியும்.

“நீ பார்த்துச் சொல்லு. மெதுவா பாரு.”

டைப்பிஸ்ட் இரண்டு தாளையும் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

“அக்கா… இதுல இல்லவே இல்லக்கா. மெஷின் குத்தவே இல்ல.”

புள்ளியம்மா இரண்டு கைகளையும் முகத்தில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று டைப்பிஸ்ட் பயந்து தோளைத் தொட்டாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மெஷினுக்குத்தான் சீக்கு! எனக்கு இல்ல! போ, போய் சூப்பர்வைசரைக் கூப்பிடு.”

மெக்கானிக் வந்தார். தராசு, பில் மெஷின், அச்சு மெஷின் எல்லாம் ரிப்பேர் செய்கிறவர். வாய் ஓயாமல் பேசுகிறவர். பெட்டியைத் திறந்து பார்த்து, “கம்ப்யூட்டர் வேகமா அனுப்புது, வேகத்தைக் குறைச்சுட்டா முடிஞ்சுது” என்றார். குறைத்தார். முழு அத்தியாயத்தையும் ஓடவிட்டார்கள். புள்ளியம்மா தடவிக்கொண்டே போனாள். முதலில் விட்டுப்போன இடம் சரியாக இருந்தது. இன்னும் சில பக்கம் தள்ளி வரிகள் போய் ஓட்டை விழுந்திருந்தது.

“அண்ணா, ஒரு விஷயம் சொல்லட்டா? முதல் சில பக்கம் எப்பவுமே நல்லா இருக்கு. அப்புறம்தான் ஓட்டை. ஒரே ஒரு பக்கம் அடிச்சா ஓட்டையே இல்ல.”

மெக்கானிக் நிமிர்ந்தார். “அப்படியா? இதை யாரும் எனக்குச் சொல்லலையே” என்றவர் மேஜைக்கடியில் தவழ்ந்துபோய் ஒயரின் முனையைக் கழற்றினார். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

“அட, மூணே மூணு கம்பி! அனுப்ப ஒண்ணு, வாங்க ஒண்ணு, பொதுவா ஒண்ணு. இதை வெச்சு எப்படிம்மா?”

வெளியே வந்து விளக்கினார். கம்ப்யூட்டர் எழுத்துகளைக் கொட்டுகிறது. மெஷின் ஒவ்வொன்றாகக் குத்தவேண்டும், தாளை நகர்த்தவேண்டும். வந்து குவிவதை வாங்கிவைக்க அதற்கு ஒரு சின்ன இடம்தான் இருக்கிறது. அது நிறைந்ததும், இதற்கென்றே இருக்கிற ஒரு கம்பியில் ‘பொறு’ என்று சொல்லும். இடம் காலியானதும் ‘அனுப்பு’ என்று சொல்லும். இந்த ஒயரில் அந்தக் கம்பியே இல்லை.

“அது பாட்டுக்குப் பொறு பொறுன்னு கத்துது. இது காதுல விழவே இல்ல. கொட்டிக்கிட்டே இருக்கு. மேல வழிஞ்சது எல்லாம் போச்சு.”

“அந்தச் சண்டை முழுக்க வழிஞ்சு போச்சா?” என்றாள் புள்ளியம்மா.

அவர் மறுநாளே கூடுதல் கம்பிகளோடு தடித்த ஒயர் ஒன்றைத் தன் கையாலேயே பற்றவைத்துக் கொண்டுவந்தார். ஜம்பமாக மாட்டினார். அத்தியாயம் ஓடியது. புள்ளியம்மா தடவினாள். ஓட்டை அப்படியே இருந்தது.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். பையிலிருந்து தீப்பெட்டி போல ஒரு பெட்டியை எடுத்து ஒயருக்கு நடுவில் மாட்டினார். ஒவ்வொரு கம்பிக்கும் அதில் ஒரு சின்ன விளக்கு. மெஷினை ஓட்டிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தெரியுது?” என்று புள்ளியம்மா கேட்டாள்.

“நான் எதிர்பார்த்த விளக்கு அசையவே இல்ல. வேற ஒண்ணு அணையுது… இதோ, இப்ப எரியுது… திரும்ப அணைஞ்சுது. அடப்பாவி! இந்த மெஷின் வேற கம்பியில பேசுது. நான் வேற கம்பியில காதை வெச்சிருக்கேன்.”

“எனக்கும் அது தெரியணுமே.”

“விளக்குதாம்மா, எப்படி…” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பையைக் கவிழ்த்துக் கொட்டித் துழாவினார். பழைய தராசு ஒன்றிலிருந்து கழற்றிய பஸ்ஸர் கிடைத்தது. மெஷின் ‘பொறு’ என்னும்போதெல்லாம் பஸ்ஸர் ஒலிக்கும்படி சேர்த்துக் கட்டினார். பிறகு மெஷின் பேசுகிற கம்பியைக் கம்ப்யூட்டர் கேட்கிற இடத்துக்கு மாற்றிப் பற்றவைத்தார். கம்ப்யூட்டரிலும், அந்தக் கம்பியை மதித்து நடக்கும்படி மாற்றி அமைத்தார்.

மெஷின் ஓடியது. கொஞ்ச நேரத்தில் பஸ்ஸர் மெலிதாக முனகியது. “இப்ப பொறுன்னுது” என்றார். முனகல் நின்றது. “இப்ப அனுப்புன்னுது.” டைப்பிஸ்ட் திரையைப் பார்த்து, “நிக்குதுக்கா! கம்ப்யூட்டர் நிஜமாவே நிக்குது!” என்று கத்தினாள். புள்ளியம்மா பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் இந்த மெஷின் வாயில்லாத ஜீவன் என்றல்லவா நினைத்திருந்தாள்.

அத்தியாயம் முடிந்தது. அவள் முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை அவசரப்படாமல் தடவினாள். மெக்கானிக் பேசாமல் நின்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

“ஒரு வரிகூடப் போகல” என்றாள்.

பழைய தாள்களை எல்லாம் விட்டுவிட்டு நாவலை முதலிலிருந்து அடித்தார்கள். வெங்காயத்துக்கும் கேப்டன் சட்டைக்கும் நடுவில் நடந்ததை அவள் டைப்பிஸ்டுக்கு உரக்கப் படித்துக்காட்டினாள். சூப்பில் உப்பு குறைவு என்று கேப்டன் சொன்னானாம். “இதுக்கா சட்டையைப் பிடிச்சான்? இந்தச் சண்டையைக் காணோம்னா நான் அப்படிப் பயந்தேன்!” என்று இருவரும் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் எழுந்து வந்து எட்டிப்பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அம்மா, ஓய்வு எடுத்துக்கங்கன்னு சொன்னேனே, அது…” என்று இழுத்தார்.

“அதை வாபஸ் வாங்காதீங்க ஸார். ஓய்வு நல்லதுதான்” என்றாள்.

டாக்டரிடமும் போய்வந்தாள். கணவர்தான் விடாமல் கூட்டிக்கொண்டு போனார். பயப்பட ஒன்றுமில்லை, இப்படியே கட்டுப்பாட்டில் வைத்திருங்கள் என்று டாக்டர் சொன்னார். “உன் விரல் நல்லா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டார், இனிமே என் பாடுதான் திண்டாட்டம்” என்றார் பேக்கரிக்காரர் வெளியே வந்ததும். அவள் அவர் கையைப் பிடித்து நடந்தாள்.

கோளாறு தீர்ந்த பிறகு பஸ்ஸரைக் கழற்றிவிடலாமா என்று மெக்கானிக் கேட்டார். புள்ளியம்மா கூடவே கூடாது என்று சொல்லிவிட்டாள். எத்தனையோ புத்தகங்கள் அதற்குப் பிறகு அந்த அறையிலிருந்து போயின. மதியத்தில் நீளமான அத்தியாயம் ஏதாவது ஓடும்போது அவள் வேலையை நிறுத்திவிட்டு, நாற்காலியைச் சாய்த்துக் காற்று வாங்குவாள். டைப்பிஸ்ட் டீ ஊற்றுவாள். மூலையில் பஸ்ஸர் முனகும், நிற்கும், மறுபடி முனகும்.

“என்னக்கா சொல்லுது?”

“டீ ஆறப்போகுது, குடிங்கன்னுது.”