வெள்ளையடித்த லயம்

என் அக்காள் கணவர் தங்கராஜுவுக்கு வயது அறுபத்திரண்டு. மலேசியாவின் கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, அங்கேயே செம்பனைக் குலை வெட்டி, அங்கேயே முதுகு வளைந்தவர். தோட்டம் கைமாறியதும் புது முதலாளி லயத்தை இடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். பதினோரு குடும்பங்களுக்கும் போக்கிடம் இல்லை.

அந்த நேரத்தில்தான் வட்டாரத்தைச் சுற்றுலா வகைப்படி பிரிக்க அரசாங்க ஆட்கள் வந்தார்கள். மின்மினி பார்க்கிற ஆற்றங்கரை, இயற்கைச் சுற்றுலா. பாசிர் பெனம்பாங், கடலுணவு. சுங்கை பெசார் வயல்கள், விவசாயம். எங்கள் நூறு வருடத்துப் பலகை லயம் பாரம்பரிய வகையில் சேர்ந்தால் இடிப்பதை நிறுத்தப் பார்க்கலாம் என்று, கணக்கெடுக்கும் நித்தியா என்ற பெண் போனில் சொன்னாள். வெள்ளிக்கிழமை வருகிறோம், எதையும் மாற்ற வேண்டாம் என்றாள். மச்சான் அதை மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்.

தோட்டத்துத் துரை பார்வையிட வந்தால் முதல் நாளே லயத்துக்கு வெள்ளையடித்துவிட வேண்டும். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்கி வளர்ந்த தலைமுறை அது. உளுத்த பலகைகளை ஒன்று விடாமல் பிடுங்கி எரித்தோம். பிளைவுட் அடித்து வெள்ளை பூசினோம். ரவாங்கில் ஆபீஸ் வேலை பார்க்கும் நானும்தான் ஏணி பிடித்தேன். எனக்காவது புத்தி வேலை செய்திருக்க வேண்டாமா?

வெள்ளிக்கிழமை மச்சான் சலவை வேட்டியில், கையில் மாலையோடு நின்றார். காரைவிட்டு இறங்கிய நித்தியா வெள்ளைச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"ஐயா, இதுல பழசு எது?"

"ஒண்ணுமே இல்லம்மா," என்றார் பெருமையாக. "எல்லாம் புதுசு."

பழசாக இருந்தால்தான் பாரம்பரியம் என்று அவள் மெல்ல எடுத்துச் சொன்னாள். மச்சான் கையிலிருந்த மாலையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

"சொரண்டிடலாம்மா. ரெண்டு நாள் போதும்லா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படம் எடுத்தாள்.

அறிக்கையில் எங்கள் இடத்துக்கு எதிரே எந்த வகையும் எழுதவில்லை. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அக்காள் சாமான்களைக் கட்டிவிட்டாள். நேற்று நான் போனபோது, மச்சான் குந்தி உட்கார்ந்து கத்தியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக்கு அடியில் புது பிளைவுட்தான் தெரிந்தது. விடுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பக்கத்தில் இன்னொரு கத்தி கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.