வெப்பக் குழாயில் வந்த ஜாவாப் பாட்டு

மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுச் சுவாமி அறையின் தரையில் ஒரு சிறிய கம்பித் தட்டு உண்டு. குளிர்காலத்தில் நிலக்கீழ் அறையிலுள்ள உலையின் வெப்பக் காற்று குழாய் வழியாக ஏறி அதனூடாக வெளிப்படும். சென்ற குளிர்காலத்தில் அந்தக் காற்றோடு ஒரு பாட்டும் வந்தது.

நான் வைகறையில் எழுந்து நீராடி, திருநீறு பூசி, விளக்கேற்றிப் பதிகம் பாடுகிறவன். டோர்வல் விமான நிலையத்தில் உணவுத் தட்டுகள் அடுக்கும் வேலை பார்த்த காலத்திலும் அந்த ஒழுங்கு தவறியதில்லை. அன்று சுருதியைத் தேடிக் கண்மூடியிருந்தபோது காலடியிலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. குழாயின் வளைவுகளில் சொற்களெல்லாம் தேய்ந்து, குரலின் ஈரம் மட்டும் மேலே வந்தது. அதைச் சுற்றி ஓர் ஓர்கன் மெல்லச் சுழன்றது. நடுவே ஒரு மின்கித்தார், நெருப்பில் வாட்டியது போன்ற கரகரப்போடு, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தது. சுரங்களைப் பிடித்துப் பார்த்தேன். பூபாளத்துக்கு மிக அருகில் இருந்தன. எங்கள் பண்முறையில் புறநீர்மை என்று சொல்வோமே, விடியலுக்கு உரியது, அதன் சாயல். யாரோ, எந்த நாட்டிலோ, உரிய வேளையில் உரிய பண்ணை எடுத்திருக்கிறார்கள். பதிகத்தைத் தொடங்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குசினியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "என்னப்பா, இண்டைக்குச் சத்தத்தைக் காணேல்லை? தொண்டை கட்டிப் போச்சோ?"

"கீழை பாடுகினம்."

"கீழையோ? சாமி மேலையெல்லோ இருக்கிறார்!"

கீழே அந்தப் பாட்டை ஒலிக்கவிட்டிருந்தவள் எங்கள் மகள். நகரத்தில் உள்ள ஒரு சிறிய இசைத்தட்டு நிறுவனத்துக்கு அவள் வேலை செய்கிறாள். இந்தோனேசியாவில் அரை நூற்றாண்டுக்கு முன் வெளிவந்து மறக்கப்பட்ட ரொக், பொப் இசைத்தட்டுகளைத் தேடியெடுத்து, கீறலையும் இரைச்சலையும் நீக்கி, புதிய தட்டுகளாக மீண்டும் அச்சிட்டு விற்பது அவர்கள் தொழில். அகலக் காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த இளைஞர்கள், முரசுகளுக்குப் பின்னால் நிமிர்ந்து அமர்ந்த பெண்கள் என்று அந்த அட்டைகள் அவள் மேசையெங்கும் கிடக்கும். தெருவில் வாகன அதிர்வு தொடங்குமுன்பே காது நன்றாகக் கேட்கும் என்பதால் அவளும் என்னைப் போலவே வைகறையில் எழுந்துவிடுவாள்.

ஜாவாவில் பதிவான அந்தப் பாட்டின் பொருளைக் கேட்டேன். "ஒராள் வாறன் எண்டவராம், வரேல்லையாம். ஆத்தங்கரையிலை பாத்துக்கொண்டு நிக்கிறாவாம். அவ்வளவுதான், அப்பா" என்றாள். எனக்கு அவ்வளவே போதுமாக இருந்தது. தலைவி தன் தலைவனுக்குக் காத்து நின்று வாடுவதாக இறைவனைப் பாடும் மரபில் வளர்ந்தவன் நான். வளையல் நெகிழ்ந்ததையும் தென்றல் சுட்டதையும் சொன்னவர்கள் யாரைச் சொன்னார்கள் என்று எங்களில் எவரும் ஐயுறுவதில்லை. ஜாவாவிலும் அப்படி ஒரு மரபு இருக்கிறது போலும் என்று எண்ணிக்கொண்டேன். அன்றுமுதல் பதிகம் முடிந்ததும் மகள் பதிந்து தந்த அந்தப் பாட்டைச் சுவாமி படங்களுக்கு முன் ஒலிக்கவிட்டுக் கேட்பது என் வழிபாட்டில் சேர்ந்துவிட்டது. சாம்பிராணிப் புகை கம்பித் தட்டின் காற்றில் பட்டுச் சுழன்று மேலேறும். வெளியே பனி இறங்கும். எந்தக் கரையில் இருக்கிறேன் என்பது சிறிது நேரம் மறந்துபோகும்.

குளிர்காலம் முடியும் தறுவாயில் மகள் வாடிய முகத்தோடு மேலே வந்தாள். அந்த இசைத்தட்டில் பாடிய பெண் உயிரோடிருக்கிறார். ஜாவாவில் அல்ல, இதே மொன்றியலில், லஷீனில். திருமணமாகி வந்தவர், இப்போது விதவை. அவர் சம்மதமின்றித் தட்டை வெளியிடுவதில்லை என்று நிறுவனம் முடிவு செய்திருந்தது. அவரோ தொலைபேசியில் கேட்ட ஒவ்வொரு முறையும் மறுத்துவிட்டார். கடைசியில், நேரில் வந்து ஒருமுறை பேசலாம் என்று மட்டும் இறங்கியிருக்கிறார். அவர் மறுத்தால் மகளின் குளிர்காலம் முழுவதும் வீண். அந்தப் பாட்டும் பெட்டிக்குள் போய்விடும்.

"அவ நல்ல பக்தியான ஆள், அப்பா. அஞ்சு நேரமும் தொழுகிறவ. நீங்களும் வந்தால் என்னை நம்புவா."

"நான் வந்து என்னத்தைக் கதைக்கிறது?"

"ஒண்டும் கதைக்க வேண்டாம். திருநீறோடை வந்து இருந்தால் காணும்."

ஆற்றைப் பார்த்த உயர்மாடிக் குடியிருப்பில் அவர் எங்களை வரவேற்றார். தலையை மூடிய வெளிர்பச்சைத் துணி. மெலிந்த, கூர்மையான முகம். இஞ்சியும் கராம்பும் இட்ட தேநீரும், ஒரு கிண்ணத்தில் அப்பளம் போன்ற வெள்ளைப் பொரியலும் வைத்தார். நான் கை நீட்டினேன். "அப்பா, அது இறாலிலை செய்தது" என்று மகள் முணுமுணுத்தாள். நீட்டிய கையைக் கூப்பி வணக்கமாக்கிக்கொண்டேன். அவர் எதையோ விளங்கிக்கொண்டு கிண்ணத்தை அகற்றி, பேரீச்சம்பழம் கொண்டுவந்தார்.

அவர் பேசியது பிரெஞ்சில்; மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். மறுப்புக்கான காரணத்தை அவர் அமைதியாகவே எடுத்துரைத்தார்.

"நான் செத்த பிறகும் என்ரை குரல் அந்தத் தட்டிலை சுத்திக்கொண்டே இருக்கும். பதினெட்டு வயதிலை சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லும். நான் இப்ப சொல்லுறதை அது சொல்லாது. அதுக்கு ஆர் பொறுப்புச் சொல்லுறது எண்டு கேக்கிறா, அப்பா."

மகள் என்னைப் பார்த்தாள். அவர் கூறியதில் எனக்கு மறுக்க எதுவும் தென்படவில்லை. நாவைக் காப்பது பற்றி நானும் அப்படித்தான் எண்ணி வந்திருக்கிறேன். ஆயினும் ஓர் ஐயம் இருந்தது.

"பிள்ளை, அந்த ஆத்தங்கரைப் பாட்டை எந்தச் சாமியை நினைச்சுப் பாடினவ எண்டு கேள்."

"அப்பா, சும்மா இருங்கோ!"

"ஏன், கேட்டால் என்ன?"

அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, உன் தந்தை என்ன சொன்னார் என்று மகளிடம் கண்டிப்பாகவே கேட்டார். வேறு வழியின்றி அவள் சொன்னாள். முதிய பெண்மணி ஒரு கணம் திகைத்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு தோள்கள் குலுங்கச் சிரித்தார்.

"சாமியோ? அவர் மோட்டார் சைக்கிளிலை வாறவராம், அப்பா. தலைமயிருக்கு நல்லா எண்ணெய் பூசிக்கொண்டு. பாட்டுப் பதியிற நாளிலை வாறன் எண்டவராம். வரேல்லையாம்."

என் காதுகள் சூடேறின. பல வாரங்களாக ஒரு மோட்டார் சைக்கிள்காரனுக்குச் சாம்பிராணி காட்டி வந்திருக்கிறேன். ஆனால் அவர் சிரிப்பில் ஏளனம் இல்லாததால் உள்ளதைச் சொல்ல முடிந்தது.

"எங்கடை ஆக்கள் சாமியையும் அப்பிடித்தான் பாடி வைச்சிருக்கினம் எண்டு சொல்லு. வாறன் எண்டிட்டு வராத ஆளெண்டுதான். நான் விடிய விளக்குக் கொளுத்தி வைச்சுக்கொண்டு இவவின்ரை பாட்டைக் கேக்கிறனான்."

சிரிப்பு நின்றது. கேட்கும்போது என்ன நினைப்பீர்கள் என்று வினவினார்.

"எனக்கும் இன்னும் வரேல்லை எண்டு நினைப்பன்" என்றேன்.

மகள் என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் அதைப் பிரெஞ்சில் சொன்னாள். முதியவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆற்றில் பனிக்கட்டிகள் உடைந்து, ஒன்றையொன்று மெதுவாகத் தள்ளிக்கொண்டு நகர்ந்தன. பாட்டைப் போடச் சொன்னார்.

மகளின் மடிக்கணினியில் அது ஒலித்தது. குழாயின் மூட்டம் இல்லாமல், ஒவ்வொரு கருவியும் தன் தன் இடத்தில் நின்றது. அவர் அசையாமல் கேட்டார். பாட்டு முடிந்த சிறிது நேரத்தில் அவருடைய கைபேசியில் தொழுகை அழைப்பு எழுந்தது. எங்களை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளறைக்குச் சென்று கதவைச் சாத்தினார்.

"கெடுத்துப் போட்டீங்கள், அப்பா. பாவம், அழப்பண்ணிப் போட்டீங்கள்."

"அழுதவவோ?"

"நீங்கள் காணேல்லையே?"

நான் கண்டதாகச் சொல்ல முடியாது, ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு அப்பால் ஒரு முணுமுணுப்பு நீண்டு தாழ்ந்தது. அவர் தம் ஆண்டவனிடம் கேட்கிறார் என்று அறிந்து, நானும் மனத்துக்குள் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எது நடக்க வேண்டும் என்று வேண்டவில்லை.

அவர் திரும்பி வந்தபோது முகம் கழுவிய ஈரத்தோடு இருந்தது. நேரே மகளிடம் சென்று, கடைசி வரியை என்ன செய்தாய் என்று கேட்டார்.

"குரல் ஒரு இடத்திலை உடைஞ்சது. அதைக் கொஞ்சம் நேராக்கினனான்" என்று எனக்கும் சேர்த்துச் சொன்னாள் மகள்.

அவர் மறுப்பாகத் தலையசைத்தார். அந்த மோட்டார் சைக்கிள்காரன் அன்று வராமலில்லை, பிந்தி வந்தான் என்றார். கடைசி வரியைப் பாடிக்கொண்டிருந்தபோது ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பால் வந்து நின்றான். அதைக் கண்டுதான் குரல் உடைந்தது. இத்தனை காலம் யாருக்கும் சொன்னதில்லை. தட்டை வெளியிடுவதானால் அந்த உடைவு உள்ளபடியே இருக்கட்டும். அட்டையில் தம் முகம் மட்டும் வேண்டாம்.

மகள் மடிக்கணினியைத் திறந்து, தான் நேராக்கியதை அப்போதே நீக்கினாள். மூவரும் குனிந்து கேட்டோம். ஓர்கன் தாழ்ந்தது, கித்தார் ஓய்ந்தது, இளங்குரல் தனியே கடைசி வரியில் ஏறி நடந்தது. முதியவர் கண்களை மூடியிருந்தார். அந்தக் குரல் உடையும் இடம் வருவதற்குச் சற்று முன்பே அவருடைய உதடுகள் திறந்தன.